பாஸ் யார் பேரில் இருந்தால் என்ன

மகனே,

நலமா என்று கேட்டு இந்தக் கடிதத்தைத் தொடங்க எனக்கு மனம் வரவில்லை. கோபத்தோடுதான் எழுதுகிறேன். எழுதி முடிக்கும்போது தணிந்துவிடும் என்ற நம்பிக்கையும் இல்லை. உடுமலைப்பேட்டையில் உன் மாமியார் வீட்டு ஹாலில் உட்கார்ந்திருக்கிறேன். மருமகள் கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போவது எல்லா ஊரிலும் நடக்கிறதுதான். மாமியாரும் பெட்டியைக் கட்டிக்கொண்டு அவள் பின்னால் போய்ச் சம்பந்தி வீட்டில் உட்கார்ந்துகொண்டது நம் சொந்தத்தில் நானாகத்தான் இருப்பேன். சம்பந்தியம்மாளுக்கு என்னிடம் என்ன பேசுவதென்று தெரியவில்லை. காப்பி மேல் காப்பியாகப் போட்டுக் கொடுத்துவிட்டுக் கடைசியில் மெதுவாக, "ஏனுங்க, மாப்பிள்ளை ஏதாச்சும் அடிச்சுகிடிச்சுப் போட்டாருங்களா?" என்று கேட்டார். அதெல்லாம் இல்லீங்க என்றேன். அடித்திருந்தால் அதை அங்கேயே ஒரு கை பார்த்திருப்பேன். நீ செய்தது அதைவிடச் சுத்தமான வேலை. ஒரு கல்யாண மண்டபத்தில், பந்தியில், இலைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, சிரித்த முகத்தோடு செய்தாய்.

அவிநாசிக் கல்யாணத்தில் நடந்ததை நீ மறந்திருப்பாய். எனக்கு வார்த்தை வார்த்தையாக நினைவிருக்கிறது. என் அண்ணன், உன் பெரிய மாமா, பந்தியைச் சுற்றி வந்தவர் உன்னிடம் நின்று, "என்ன கண்ணு, ஆஸ்திரேலியா என்னாச்சு?" என்று கேட்டார். நீ ரசத்தைப் பிசைந்துகொண்டே, "எல்லாம் ஆச்சுங் மாமா, சுமதிக்குத்தான் இங்கிலீஷ் பரீட்சைல பாயிண்ட் பத்தலீங்க. அவளால நின்னுபோச்சு" என்றாய். அவர் உடனே சுமதி பக்கம் திரும்பி, "ஏன் அம்மணி, இன்னுஞ் சித்தெ நல்லாப் படிச்சிருக்கலாமல்லோ?" என்றார். நீ சொன்னதை நம்பித்தான் சொன்னார். அவள் உன்னைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு இலையைப் பார்த்துக்கொண்டு, "ஆமாங்க" என்றாள். நான் அங்கேயே வாயைத் திறந்திருப்பேன். தாலி கட்டி ஒரு மணி நேரம் ஆகாத பந்தலில் சண்டையை இழுக்க வேண்டாமென்று வாயை மூடிக்கொண்டேன். அந்தப் பாயசத்தைத் தொடாமல் இலையை மடித்துவிட்டேன்.

பரீட்சைக்குச் சென்னைக்குப் போனது சுமதி. பாப்பாவை என்னிடம் விட்டுவிட்டு, ஆபீசில் லீவு சொல்லிவிட்டு, வாரக்கணக்கில் கேசட்டைப் போட்டுக் காதில் மாட்டிக்கொண்டு அந்த வெள்ளைக்காரன் பேச்சைக் கேட்டுக் கேட்டுப் படித்துவிட்டுப் போனாள். நீ எழுதிய பரீட்சையில் வந்ததைவிட அவளுக்குக் கூடத்தான் வந்தது. அந்தச் செய்தி வந்த அன்றைக்கு நீ அவளிடம் ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லை என்பதை நான் கவனித்தேன். லேத்துப் பட்டறையில் வேலை அதிகம், களைப்பாக இருப்பாய் என்று நானே உனக்குச் சமாதானம் தேடிக்கொண்டேன். பெற்ற வயிறு அப்படித்தான் சமாதானம் தேடும். இனிமேல் தேடாது.

இந்தப் பாயிண்ட் விவகாரத்தை எனக்கு உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தவள் அவள்தான். நீ என்னிடம், "அதெல்லாம் உங்களுக்குப் புரியாதும்மா" என்று சொல்லிவிட்டாய். அவளோடு போன இரண்டு பஸ் பயணத்தில் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அந்த நாட்டுக்காரன் நம்மை நேரில் பார்ப்பதில்லை. எந்தக் குலம், எந்தக் கோயில், எத்தனை ஏக்கர் தோப்பு, அப்பா நல்லவரா என்றெல்லாம் கேட்பதில்லை. வயதுக்கு இவ்வளவு, படிப்புக்கு இவ்வளவு, செய்த வேலைக்கு இவ்வளவு, இங்கிலீஷுக்கு இவ்வளவு என்று பாயிண்ட் போடுகிறான். நீ செய்கிற வேலை அவன் நாட்டுக்கு வேண்டிய வேலையா என்று அவனிடம் ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் இல்லையென்றால் அதோடு சரி. எல்லாவற்றையும் கூட்டி அவன் வைத்திருக்கிற அளவைத் தொட்டால் குடியேறலாம், நிரந்தரமாக இருக்கலாம். ஜாதகப் பொருத்தம் பார்க்கிற மாதிரித்தான். ஒரு வித்தியாசம், இவனிடம் பரிகாரம் கிடையாது. வயது முப்பதுக்குள் இருந்தால் ஒரு கணக்கு, முப்பது ஆகிவிட்டால் அதைவிடக் குறைந்த கணக்கு. விண்ணப்பம் போய்ச் சேருகிற நாளில் என்ன வயதோ அதுதான் வயது. இன்னொன்றும் உண்டு, அதுதான் உனக்குத் தொண்டையில் சிக்கிய முள். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர் போனாலும் பாயிண்ட் பார்ப்பது ஒருவருக்குத்தான். அவர் தலைமை விண்ணப்பதாரர். மற்றவர்கள் அவரோடு வருகிறவர்கள்.

கேட்டபோது எனக்கும் எரிச்சலாகத்தான் இருந்தது. மனிதர்களைச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பதுபோலப் பார்க்கிறார்களே என்று அவளிடம் சொன்னேன். "ஆமாங் அத்தை, ஆனா ஆம்பளையா பொம்பளையான்னு பாக்கறதுக்குப் பாயிண்ட் இல்லீங்க" என்றாள். அவள் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். அன்றைக்கு முழுவதும் அது என் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. ஈவிரக்கம் இல்லாத கணக்குத்தான், ஆனால் நம் வீட்டில் போடுகிற கணக்கைவிட நேர்மையான கணக்கு.

முதலில் போக வேண்டுமென்று குதித்தது யார் என்று கொஞ்சம் யோசித்துப் பார். அவள் இல்லை. பீளமேட்டில் கம்ப்யூட்டர் கம்பெனியில் நல்ல வேலை, வீட்டுக்குப் பக்கத்தில் பாப்பாவுக்குப் பள்ளிக்கூடம் என்று நிம்மதியாக இருந்தாள். மோட்டார் பம்புக்கு ஆர்டர் குறைந்துவிட்டது, பட்டறையில் இனிக் கதை ஓடாது, உன்னோடு டிப்ளமோ படித்தவன் சிட்னியிலிருந்து போட்டோ அனுப்பிவிட்டான் என்று ராத்திரி பகல் அவளை நச்சரித்தவன் நீ. சரி என்று அவள் இறங்கி வந்த பிறகு, "நாந்தான் மெயின், எம்பேர்லயே போடுவோம்" என்றாய். ஆர்.எஸ். புரத்தில் இருக்கிற அந்த கன்சல்டன்ட் பையன் அப்போதே சொன்னான். உன் டிப்ளமோவுக்கு எஞ்சினியர் என்று போட்டால் நிற்காது, டர்னர் என்று போடுங்கள், அந்த வேலைக்கு அங்கே கிராக்கி இருக்கிறது என்றான். நீ கேட்டாயா? "நா மொதலாளி பையனுங்க, டர்னர்னு எழுதறதா?" என்று அவனிடம் பாய்ந்தாய். காலை எட்டு மணிக்கு லேத்தில் நின்றால் சாயங்காலம் வரை இரும்புத் தூளும் எண்ணெயுமாக நிற்கிற உனக்கு, அந்த வேலையின் பெயரை எழுத மட்டும் கை வரவில்லை.

அதற்குப் பிறகு வந்தது இன்னொரு கூத்து. வேலை பார்த்ததற்குச் சாட்சி என்ன என்று கேட்டு எழுதினார்கள். சம்பளச் சீட்டு எங்கே, வரி கட்டியது எங்கே, முதலாளி கொடுத்த கடிதம் எங்கே? நம்மிடம் என்ன இருந்தது? நீ டிப்ளமோ முடித்த நாளிலிருந்து அப்பாவோடு பட்டறையில் நின்றாய். வேண்டும்போது பீரோவைத் திறந்து பணம் எடுத்துக்கொண்டாய். உன்னையும் சம்பளப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள் என்று ஆடிட்டர் ஒருமுறை சொன்னபோது அப்பா சிரித்தார். "ஊட்டுப் பையனுக்கு எதுக்குங்க சம்பளம்? அவன் கூலிக்காரனுங்களா?" என்றார். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். நம் பக்கத்தில் எந்தப் பட்டறையில் மகனுக்குச் சம்பளம் போட்டிருக்கிறார்கள்? போட்டால்தான் கேவலம், அப்பனும் மகனும் பாகம் பிரித்துக்கொண்டார்கள் என்று ஊர் பேசும். பத்து வருஷத்துக்கு மேல் நீ செய்த வேலை அந்த நாட்டுக்காரன் கணக்கில் இல்லவே இல்லை என்று ஆகிவிட்டது. அதற்காக எனக்கு உன்மேல் கோபம் இல்லை. அது நீ செய்த தப்பு இல்லை, நம் வழக்கம் அப்படி. அந்தக் கடிதம் வந்த அன்றைக்கு நீ சாப்பிடாமல் மாடியில் போய்ப் படுத்துக்கொண்டாய்.  உன் உழைப்பு பொய் இல்லை என்று அந்த வெள்ளைக்காரன் வீட்டு வாசலில் போய் நின்று கத்த வேண்டும் போலிருந்தது.

ஆனால் அதற்கு அடுத்து நடந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கன்சல்டன்ட் பையன் திரும்ப உட்கார்ந்து கணக்குப் போட்டுவிட்டு, "சார், மேடம் பேர்ல போட்டா பாயிண்ட் வந்துருது. அவங்க வேலை லிஸ்ட்ல இருக்கு, சம்பளச் சீட்டு எல்லாம் இருக்கு. ஆனா தைக்குள்ள போட்டரணும், அவங்களுக்கு முப்பது ஆயிருச்சுன்னா வயசுக் கணக்குல குறைஞ்சு கீழ போயிரும். நீங்க டிபெண்டன்ட்டா வந்துருங்க" என்றான். சுமதி இதைச் சொன்னபோது அவள் முகத்தில் எவ்வளவு நாளைக்குப் பிறகு ஒரு வெளிச்சம் இருந்தது தெரியுமா? நான்தான் எல்லோரையும் கூட்டிக்கொண்டு போகப்போகிறேன் என்கிற பெருமை இல்லை அது. உன் முகம் தெளியுமே என்கிற சந்தோஷம். நீ அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டாய். டிபெண்டன்ட். அண்டி வாழ்கிறவன் என்று அகராதியில் போட்டிருக்கிறது என்று என்னிடமே சொன்னாய். பெண்டாட்டி முந்தானையைப் பிடித்துக்கொண்டு பிளேன் ஏறுவதற்கு வீட்டோடு மாப்பிள்ளையாகப் போய்விடலாம் என்றாய். விண்ணப்பத்தில் நீ கையெழுத்துப் போட வேண்டிய தாளைப் பட்டறை மேசை டிராயரில் போட்டுப் பூட்டினாய். ஆடி போயிற்று, ஆவணி போயிற்று, புரட்டாசியும் போயிற்று. தை வரட்டும், காலம் தானாகக் கழுத்தை அறுத்துவிடும், நாம் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை என்று உட்கார்ந்துவிட்டாய். அதையும் நான் பொறுத்திருப்பேன். போக வேண்டாம் என்று தோன்றினால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு இரு, அது ஆண்பிள்ளைக்கு அழகு. அவள் தோற்றதாகச் சொன்னாயே, அதுதான் திருட்டு.

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். ஏன் அப்படிச் சொன்னாய் என்று ஒரே கேள்விதான் கேட்டேன். நீ சட்டையைக் கழற்றிக்கொண்டே, "வேறென்னம்மா சொல்றது? அப்பா இருந்திருந்தா, பொண்டாட்டிக்குப் பின்னால பேரெழுதிட்டுப் போடான்னு சொல்லியிருப்பாரா?" என்றாய். அப்பாவின் படம் மாட்டியிருக்கிற சுவரைக் காட்டி வேறு சொன்னாய். அப்போதுதான் நான் முடிவு செய்தேன். மறுநாள் காலையில் நான் சுமதியோடு உடுமலை பஸ் ஏறியதற்குக் காரணம் அவிநாசியில் நீ சொன்னதுகூட இல்லை, இதுதான். போய்ச் சேர்ந்து மூன்று வருஷம் ஆன மனிதரை உன் வீம்புக்குச் சாட்சியாக இழுத்தாய். அவர் எழுந்து வந்து மறுக்க முடியாது என்கிற தைரியம்.

அவருக்காக நான் மறுக்கிறேன், கேள். உன் அப்பா ஒன்றும் மகான் இல்லை. குழம்பில் உப்புக் குறைந்தால் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போவார். ஒரு சொல் தடித்துவிட்டால் என்னோடு ஒரு வாரம் பேசமாட்டார். ஆனால் இந்த விஷயத்தில் அவர் தங்கம். நான் போத்தனூர் ஸ்டேஷனில் டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தவள். ரயில்வேயில் வேலை பார்க்கிறவர்களுக்குக் குடும்பத்தோடு போய்வரப் பாஸ் கொடுப்பார்கள், அதில் என் பெயர் முதலில் இருக்கும். அதற்குக் கீழே கணவர், மகன் என்று உங்கள் இரண்டு பேர் பெயரும் இருக்கும். உனக்கு ஒன்பது வயதிருக்கும்போது அந்தப் பாஸில் நாம் ராமேஸ்வரம் போனோம். பொள்ளாச்சி தாண்டி டிக்கெட் பரிசோதகர் வந்தார். பாஸை வாங்கிப் பார்த்துவிட்டு, வழக்கம்போல ஆண்பிள்ளை பக்கம் திரும்பி, "சார் எந்த ஸ்டேஷன்ல வேலைங்க?" என்று அப்பாவைக் கேட்டார்.  எதிர்ச் சீட்டில் ஜவுளிக்காரர் ஒருவர் குடும்பத்தோடு உட்கார்ந்திருந்தார், பெட்டி நிறைய ஆள். இவர் மானம் போய்விட்டது என்று நினைத்து, வீட்டுக்கு வந்து ஒரு வாரம் பேசாமல் இருந்துவிடுவாரோ என்று பயந்தேன். நானே முந்திக்கொண்டு ஏதாவது சொல்லலாமா என்று பார்த்தேன்.

அவர் எழுந்து நின்றார். வேட்டியைச் சரி செய்துகொண்டு என்னைக் கையைக் காட்டி, "நான் ஸ்டேஷன் இல்லீங்க, லேத்துப் பட்டறைங்க. ரயில்வேல இருக்கறது அவிங்க. நான் அவிங்க பாஸ்ல வாரனுங்க" என்றார். அவிங்க என்று மரியாதை போட்டுச் சொன்னார் உன் அப்பா, என்னை. வீட்டில் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. ஜவுளிக்காரர் சிரித்துவிட்டார். "அப்ப ஊட்டம்மா உங்களைக் கூட்டிட்டுப் போறாங்கன்னு சொல்லுங்க" என்றார். நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். உன் அப்பாவும் சேர்ந்து சிரித்தார். "பாஸ் ஆரு பேர்ல இருந்தா என்னங்க? ராமேஸ்வரம் வந்துருமல்லங்க" என்றார். நீ அவர் மடியில் சாய்ந்துகொண்டு முறுக்குத் தின்றுகொண்டிருந்தாய். நீயும் கேட்டாய். ஊர் திரும்பி ஒரு மாதம், தெருவில் யாரைப் பார்த்தாலும், "நான் அவிங்க பாஸ்ல வாரனுங்க" என்று அப்பா குரலிலேயே சொல்லிச் சொல்லிச் சிரிக்க வைத்தாயே, அது உனக்கு எப்படி மறந்தது? அந்தப் பாஸில் நாம் திருப்பதி போனோம், மைசூர் போனோம், உன் டிப்ளமோ அட்மிஷனுக்குச் சேலம் போனோம். எத்தனை ஊரில் இறங்கினாய் நீ என் பெயருக்குக் கீழே. அப்போதெல்லாம் டிபெண்டன்ட் என்று எவன் சொன்னான்?

அப்பா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று இனி என்னிடம் கேட்காதே. என்ன சொன்னார் என்பதே எனக்குத் தெரியும்.

நீ டிராயரில் பூட்டி வைத்தால் உலகத்தில் வேறு தாள் கிடைக்காதா? சுமதி கன்சல்டன்ட்டிடம் புதிதாக ஒன்று வாங்கிவிட்டாள். நேற்று உட்கார்ந்து பூர்த்தி செய்தோம். தலைமை விண்ணப்பதாரர் என்ற இடத்தில் அவள் பெயர் இருக்கிறது. பாப்பாவின் பெயரும் எழுதியாயிற்று. கணவன் கூட வருகிறாரா என்று ஒரு கேள்வி இருக்கிறது, அதை மட்டும் அவள் எழுத மறுத்துவிட்டாள். "அவிங்களே எழுதட்டுங் அத்தை" என்றாள். இவ்வளவுக்குப் பிறகும் உன்னை அவிங்க என்றுதான் சொல்கிறாள். அந்தத் தாளை இதோடு வைத்திருக்கிறேன். நீ எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் உன் பெயரோடு போகும். எழுதாமல் திருப்பினாலும் போகும், ஐப்பசி முடிவதற்குள் தபாலில் சேர்த்துவிடுவேன். அவள் முதலில் தனியாகப் போய் வேலையில் உட்காரட்டும். அதுவரைக்கும் பாப்பாவை நான் வளர்ப்பேன். உன்னை வளர்த்ததைவிடக் கொஞ்சம் கவனமாக வளர்ப்பேன்.

இன்னொன்று. இந்தக் கடிதத்தின் உறையை நான் ஒட்டவில்லை. அதைத் தபாலில் அனுப்பவும் இல்லை. தேங்காய் ஏலத்துக்கு வாரா வாரம் உடுமலைக்கு வருகிற உன் பெரிய மாமாவிடம் கொடுத்தனுப்புகிறேன். "ஏனுங்ணா, பஸ்ல சும்மாதான உக்காந்திருப்பீங்க, படிச்சுக்குங்க" என்று சொல்லித்தான் கொடுக்கப்போகிறேன். சுமதியைப் பந்தியில் வைத்துக் கேட்டாரே, அதற்கு அவரும் இதைப் படித்துத்தான் ஆக வேண்டும். நீ எந்தக் காதில் பொய்யைப் போட்டாயோ அந்தக் காதுக்கு உண்மை போய்ச் சேர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

நீ இந்த வரியைப் படிக்கும்போது அவர் உன் எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருப்பார். முதலில் அவருக்குக் குடிக்கத் தண்ணீர் கொடு. நீ படித்து முடித்ததும் அவர் உன்னிடம் ஒன்று கேட்பார், கேட்கச் சொல்லித்தான் அனுப்புகிறேன். "என்ன கண்ணு, ஆஸ்திரேலியா என்னாச்சு?" அவிநாசியில் கேட்ட அதே கேள்விதான். என்ன பதில் சொல்ல வேண்டுமென்று நான் உனக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. ஒன்பது வயதில் தெருத்தெருவாகச் சொல்லித் திரிந்தவன்தானே நீ.

அம்மா